8 ஓமா, 100 வோல்ட் லைனா, பவர்டு ஸ்பீக்கரா?

மண்டபம் கட்டி முடித்தவர், பள்ளிக்கூடத்துக்கு மைக் செட் வாங்கப் போகிறவர், கோயில் கமிட்டியில் கணக்கு பார்க்கிறவர், எல்லோரும் கடையில் போய் முதலில் கேட்பது இதைத்தான்: "ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் எடுக்கலாம்?" கடைக்காரரும் அதற்கே பதில் சொல்வார். 250 போதும் என்பார், எதற்கும் இருக்கட்டும் என்று 500-ஐக் காட்டுவார். வாட் அப்புறம் பார்க்கலாம். ஸ்பீக்கர் எத்தனை, ஆம்ப்ளிஃபயரிலிருந்து கடைசி ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், இந்த இரண்டும் தெரிந்தால்தான் எந்த முறையில் இணைப்பது என்று சொல்ல முடியும். முறை முடிவாகிவிட்டால் வாட் கணக்கு கூட்டல் கணக்குதான்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மைக் செட் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வரிசையாகத் திருகு டெர்மினல்கள் இருக்கும்: காம், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட். காம் பொது, இன்னொரு வயரை மற்ற ஐந்தில் எதில் மாட்டுவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சிலர் எது சத்தமாகக் கேட்கிறதோ அதில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி மாட்டியது முதல் முகூர்த்தத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

தேர்வு மூன்றுக்குள்தான். ஒன்று, 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக இணைப்பது. இரண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 100 வோல்ட் லைனில் இணைப்பது. மூன்று, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர்.

எதை வைத்து எடை போடுவது

தூரம், எண்ணிக்கை, இசையா பேச்சா, இடத்துக்கு இடம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமா, நாளை இரண்டு ஸ்பீக்கர் சேர்ப்பீர்களா, கெட்டுப்போனால் உள்ளூரில் யார் பார்ப்பார்கள். இந்த ஆறில் முதல் இரண்டும்தான் தலை. மற்றவை அவற்றுக்குப் பிறகு.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெரிய ஹார்ன் ஒன்றைக் கட்டி முழுக்கத் திருப்பிவிட்டால் எல்லோருக்கும் கேட்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஹார்னிலிருந்து 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் 32 மீட்டரில் இருப்பவருக்கும் 24 டெசிபல் வித்தியாசம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். பின்னால் இருப்பவருக்குப் புரிய வைக்க முன்னால் இருப்பவரின் காதைப் பிளக்க வேண்டியிருக்கும். சிறிய ஸ்பீக்கர்களைப் பல இடங்களில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சட்டத்துக்கும் அதுவே நல்லது: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பொது இடத்து ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் சுற்றுப்புற வரம்பைவிட 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

சரி, பல ஸ்பீக்கர் என்று முடிவெடுத்த உடனே இம்பிடன்ஸ் வந்து குறுக்கே நிற்கும்.

ஓம் கணக்கில் தெரிய வேண்டிய அளவு

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். மல்டிமீட்டரை வைத்தால் 6 அல்லது 6.5 காட்டும். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. மீட்டர் அளப்பது வாய்ஸ் காயில், அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள், அதன் டிசி எதிர்ப்பை மட்டும். ஒலி ஓடும்போது காயிலும் கூம்பின் அசைவும் சேர்ந்து தரும் மொத்த எதிர்ப்புதான் இம்பிடன்ஸ். அது ஒரே எண்ணாக நிற்பதும் இல்லை. தாழ்ந்த ஸ்வரத்தில் ஓரிடத்தில் 30 ஓமுக்கு மேல்கூட ஏறும், இன்னோரிடத்தில் 6.4 வரை இறங்கலாம். பெயரளவில் 8 என்று போடுவதற்குச் சர்வதேசத் தரம் அந்த அளவு இறக்கத்தை அனுமதிக்கிறது.

ஆம்ப்ளிஃபயரின் ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் சரிசமமாக இருந்தாக வேண்டும் என்பது வால்வு ஆம்ப்ளிஃபயர் காலத்துப் பாடம். வால்வு செட்டில் அது முக்கியம்தான்; ஸ்பீக்கரே மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்ஸிஸ்டர் செட்டுக்கு விதி எளிது: லோடு, டெர்மினலில் எழுதியிருப்பதைவிடக் குறையக் கூடாது. கூடினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குறைந்தால் கரண்ட் எகிறும், ஹீட் சிங்க் கொதிக்கும், பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் அது துண்டிக்கும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் போகும்.

நேரடி 8 ஓம்

இரண்டு ஸ்பீக்கர், பத்துப் பதினைந்து மீட்டர் வயர் என்றால் இதைவிடச் சுலபமானது கிடையாது. ஸ்பீக்கரில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் பேஸ் (தாழ்ந்த ஒலி) முழுசாக வரும். தவிலின் தொப்பிப் பக்கம் அடிவயிற்றில் உணரும்படி கேட்க வேண்டுமானால் இந்த வழியோ பவர்டு ஸ்பீக்கரோதான்.

மூன்றாவது ஸ்பீக்கர் வரும்போது சிக்கல் ஆரம்பம். 8 ஓம் இரண்டைப் பேரலலாக (பக்க இணைப்பில்) போட்டால் 4 ஓம், நான்கைப் போட்டால் 2 ஓம். 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் அப்போது ஏறக்குறைய 28 வோல்ட் கொடுக்கிறது. அதே 28 வோல்ட் 2 ஓமில் விழுந்தால் 14 ஆம்பியர், 400 வாட். நூறு வாட்டுக்குச் செய்த சப்ளையிடம் நானூறு கேட்பது நடக்கிற காரியமில்லை.

சீரிஸில் (தொடர் இணைப்பில்) போடலாமே என்பார்கள். இரண்டிரண்டாகச் சீரிஸில் கட்டி, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலாக இணைத்தால் நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து மறுபடி 8 ஓமே வரும். கணக்கு சரி. ஆனால் ஒரு ஸ்பீக்கரின் காயில் அறுந்தால் அதன் ஜோடியும் ஊமையாகிவிடும். இரண்டும் ஒரே மாடலாக இல்லாவிட்டால் பவர் சமமாகப் பிரியாது. ஐந்தாவது ஸ்பீக்கர் வேண்டுமென்றால் முழு வயரிங்கையும் பிரித்துக் கட்ட வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சத்தத்தைக் குறைக்க ஒழுங்கான வழியும் கிடையாது.

மறைந்திருக்கும் செலவு வயரில். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வாட் அளவுக்கான வோல்டேஜ் என்று வைத்து, மறுமுனையில் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் போய்ச் சேருகிறது என்று பாருங்கள்:

| தூரம் | போய்த் திரும்பும் வயரின் எதிர்ப்பு | 4 ஓம் லோடு | 8 ஓம் லோடு | 100 வோல்ட் லைன் |
|---|---|---|---|---|
| 15 மீட்டர் | 0.6 ஓம் | 76 வாட் | 87 வாட் | 99 வாட் |
| 50 மீட்டர் | 2 ஓம் | 44 வாட் | 64 வாட் | 96 வாட் |
| 150 மீட்டர் | 6 ஓம் | 16 வாட் | 33 வாட் | 89 வாட் |

64 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். காதுக்கு அது 2 டெசிபல் குறைவுதான், பலர் கவனிக்கவே மாட்டார்கள். 16 வாட் அப்படியில்லை, 8 டெசிபல் போயே போய்விட்டது. இன்னொரு இழப்பு இந்த அட்டவணையில் தெரியாது: வயரின் எதிர்ப்பு கூடக் கூட, ஆம்ப்ளிஃபயருக்குக் கூம்பின் மேல் இருக்கும் பிடி தளரும், பேஸ் தொளதொளவென்று ஆகிவிடும்.

தடித்த வயர் போடலாம். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் எதிர்ப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும், செம்பின் விலை இரண்டரை மடங்காகும். அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. செம்பு பூசிய அலுமினிய வயர் பார்க்க அச்சு அசல் செம்பு மாதிரியே இருக்கும், எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்கு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

100 வோல்ட் லைன்

மின்வாரியம் 11,000 வோல்ட்டில் கொண்டு வந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 230 ஆக இறக்கித் தருவதன் சின்னப் பதிப்புதான் இது. ஆம்ப்ளிஃபயர் வோல்டேஜை உயர்த்தி அனுப்பும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக் கொடுக்கும். வோல்டேஜ் அதிகம் என்பதால் கரண்ட் குறைவு, கரண்ட் குறைவு என்பதால் வயரில் போவதும் குறைவு. அட்டவணையின் கடைசிப் பத்தியில் 150 மீட்டருக்கும் 89 வாட் நிற்பதன் காரணம் இதுதான்.

இதன் பெரிய நிம்மதி, ஓம் கணக்கை அடியோடு மறந்துவிடலாம். 10 வாட் டேப்பிங்கில் (டிரான்ஸ்ஃபார்மரில் வாட்டைத் தேர்ந்தெடுக்கும் வயரில்) வைத்த ஸ்பீக்கர் லைனுக்கு 1000 ஓமாகத் தெரியும். 100 வாட் ஆம்ப்ளிஃபயர் தாங்குவது 100 ஓம். பத்து ஸ்பீக்கர் போட்டால் கணக்கு சரியாக முட்டும். இதையே வாட்டில் கூட்டிப் பார்த்தால் போதும். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் 6 வாட் சீலிங் ஸ்பீக்கர் எட்டு என்றால் 48. வாசலில் 15 வாட்டில் ஹார்ன் இரண்டு, 30. மாப்பிள்ளை அறை, பெண் அறை தலா 3 வாட். மொத்தம் 84. ஆம்ப்ளிஃபயரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டும் என்பது வழக்கம், ஆகவே 120 வாட் செட். நாளைக்கு மாடியில் ஒரு 6 வாட் ஸ்பீக்கர் சேர்த்தால் 90, அப்போதும் இடம் இருக்கிறது. புது வயரை ஆம்ப்ளிஃபயர் வரை இழுக்கவும் வேண்டாம், பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே தட்டிக்கொள்ளலாம்.

சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் இங்கே வசதி. டிரான்ஸ்ஃபார்மரில் 30, 15, 7.5 வாட் என்று தனித்தனி வயர்கள் வரும். ஒரு படி கீழே மாற்றினால் 3 டெசிபல் குறையும். தினசரி கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியான வால்யூம் கண்ட்ரோலைச் சுவரில் பதிக்கலாம். சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை என்று யாராவது வந்தால் மேடையைத் தொடாமல் அங்கே மட்டும் குறைத்துவிடலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் என்றாலே பேஸில் கை வைக்கும். மலிவான, சின்னக் கோர் (உள்ளே இருக்கும் இரும்பு) உள்ளதில் தாழ்ந்த ஒலி போனால் கோர் காந்தத்தால் நிறைந்து ஒலி கரகரக்கும், ஆம்ப்ளிஃபயருக்கும் அது திடீர் லோடாகிவிடும். அதனால்தான் இந்த லைனுக்கு அனுப்பும் முன்பே 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது நல்லது. ஹார்ன் மட்டும் இருக்கும் லைன் என்றால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தேவையில்லை. அறிவிப்புக்கு எந்த நஷ்டமும் இல்லை, ஹார்ன் யூனிட்டின் டயஃப்ரமும் பிழைக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. ஆம்ப்ளிஃபயர் முழுக்க ஓடும்போது இந்த வயரில் 100 வோல்ட் இருக்கிறது. ஸ்பீக்கர் வயர்தானே என்று கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, மழையில் விடக் கூடாது. மெயின் வயரிங்குக்குச் செய்வதைப் போலவே ஜங்ஷன் பாக்ஸும் கனெக்டரும் வேண்டும். மைக் வயரோடு ஒரே பைப்பில் ஓட்டவும் கூடாது. ஊளைச் சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வெறும் 8 ஓம் ஸ்பீக்கரைத் தெரியாமல் இந்த லைனில் சேர்த்துவிடுவது. 100 வோல்ட்டை 8 ஓமில் போட்டால் 1250 வாட் என்று கணக்கு வரும். ஆம்ப்ளிஃபயர் ட்ரிப் ஆகும், அல்லது காயில் கருகும். திருவிழாவுக்கு இரவல் வாங்கி வந்த ஹார்னில் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மாட்டும் முன் யூனிட்டின் மேல் ஓமா, வோல்ட்டா, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

லைனில் எங்காவது ஷார்ட் ஆனால் மொத்த லைனும் போய்விடும். மல்டிமீட்டரும் இங்கே முழுசாகக் கை கொடுக்காது. அது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் டிசி எதிர்ப்பைக் காட்டுமே தவிர உண்மையான லோடைக் காட்டாது. அதை அளக்க ஏசியில் அளக்கும் இம்பிடன்ஸ் மீட்டர் வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் லைனைப் பாதியில் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்த்து, மறுபடி அதைப் பாதியாக்கித் தேட வேண்டியதுதான். கட்டும்போதே கூடத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று லைனைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் வரை கொண்டு வந்தால் இந்த வேலை பாதியாகும்.

பவர்டு ஸ்பீக்கர்

இதில் இம்பிடன்ஸ் கணக்கு தலைகீழாக மாறும். ஸ்பீக்கர் வயரில் கரண்ட் போவதில்லை, மிக்ஸரின் சிக்னல் மட்டும் போகிறது. மிக்ஸரின் அவுட்புட் சுமார் 150 ஓம், ஸ்பீக்கரின் இன்புட் 10,000 அல்லது 20,000 ஓம். வாங்குகிற பக்கம், கொடுக்கிற பக்கத்தைப் போல் பத்து மடங்காவது இருந்தால் சிக்னல் இறங்காது. 20,000 ஓம் இன்புட் உள்ள பத்து ஸ்பீக்கரைச் சங்கிலியாக மாட்டினாலும் மொத்தம் 2000 ஓம், அப்போதும் மிக்ஸருக்குச் சுமை இல்லை. பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) என்றால் 100 மீட்டர்கூட இழுக்கலாம். டிவி, டிவிடி பிளேயரில் வரும் ஆர்சிஏ பின் போட்ட கேபிளில் அந்த ஆட்டம் ஆடக் கூடாது. பத்து மீட்டர் தாண்டினாலே உறுமல் ஏறத் தொடங்கும்.

ஒலித் தரத்தில் இதுவே முதல். உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அந்தக் கூம்புக்கென்றே பொருத்தப்பட்டது. காயிலை எரிக்கும் அளவுக்குத் திருப்பினாலும் பெரும்பாலும் லிமிட்டர் (எல்லை தாண்டாமல் தடுக்கும் சர்க்யூட்) பிடித்துக்கொள்ளும். நாதஸ்வரமும் மெல்லிசையும் நடக்கும் மேடைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் எர்த்தோடு ஒரு 230 வோல்ட் பாயிண்ட் வேண்டும். மேடைக்கு இரண்டு பாயிண்ட் சரி. எட்டு இடத்துக்கு எட்டு பாயிண்ட், அதோடு எட்டு இடத்துக்கும் சிக்னல் கேபிள் என்றால் எலக்ட்ரீஷியன் கூலியே ஸ்பீக்கர் விலையை எட்டிப் பிடிக்கும். மின்சாரம் போனால் எல்லாப் பாயிண்டும் ஜெனரேட்டரில் இருக்க வேண்டும். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் பல மாடல்களுக்கு ஒரு பேட்டரியை மாட்டினால் போதும், மொத்த லைனும் ஓடும்.

வெவ்வேறு பாயிண்டில் எர்த் வெவ்வேறாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். சிலர் அதற்குப் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்து எடுத்துவிடுகிறார்கள். உறுமல் நிற்கும், ஆனால் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் மேல்தான் ஷாக் அடிக்கும். சிக்னல் கேபிளில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடுங்கள். உறுமலும் நிற்கும், எர்த்தும் இருக்கும்.

ரிப்பேர் விஷயத்திலும் இது கொஞ்சம் படுத்தும். ஹார்ன் யூனிட்டின் டயஃப்ரம் போனால் உள்ளூர்க் கடையிலேயே மாற்றித் தருவார்கள். பவர்டு ஸ்பீக்கரின் போர்டு போனால் பெட்டியோடு இறக்கிச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், அதுவரை அந்த மூலை ஊமை.

எந்த இடத்துக்கு எது

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு: யோசிக்காமல் 100 வோல்ட் லைன். காலையில் பிரேயர், மணி, அறிவிப்பு, இதற்குப் பேஸ் எதற்கு? வகுப்புக்கு ஒரு 6 வாட் பெட்டி போதும்.

கோயில்: சுற்றுப் பிராகாரத்துக்கும் திருவிழாத் தெருவுக்கும் 100 வோல்ட். தெருவில் போடும் தற்காலிக லைனில் பச்சைப் பந்தல் ஈரமும் வயரும் சேரும் என்பதால் இணைப்புகளைத் தரையில் விடாதீர்கள். கச்சேரி மண்டபம் தனியாக இருந்தால் அங்கே மட்டும் ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர்.

சின்ன ஹால், டியூஷன் சென்டர், யோகா வகுப்பு: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், முடிந்தது. இதற்கு 100 வோல்ட் போடுவது வீண் செலவு.

கல்யாண மண்டபத்துக்கு ஒரே முறையில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதுதான் பணத்தை அதிகம் தின்னும். மேடைக்கும் முன் வரிசைகளுக்கும் பவர்டு ஸ்பீக்கர். மிக்ஸரிலிருந்து இன்னொரு அவுட்புட் எடுத்து 100 வோல்ட் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, சாப்பாட்டுக் கூடம், வாசல், அறைகள் எல்லாவற்றையும் அதில் விடுங்கள். மேடையில் பேண்டு அலறினாலும் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஏற்கெனவே 8 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு

தூக்கிப் போட வேண்டாம். லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் தனியாகவே கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தில் 8 ஓம், மறுபக்கத்தில் வாட் டேப்பிங்குகள் இருக்கும். ஸ்பீக்கர் தாங்கும் வாட்டுக்கு ஒரு படி கீழான டேப்பிங்கில் தொடங்குங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் பிளஸ் மைனஸ் ஒரே திசையில் இருக்க வேண்டும். மாறினால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே நிற்பவருக்குக் குரல் குழிக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் டெர்மினலில் வயர் மாட்டிய பிறகு 8 ஓம் டெர்மினலைக் காலியாக விடுங்கள். இரண்டிலும் ஒன்றாக மாட்டினால் இரண்டு லோடும் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் மேல்தான் ஏறும். ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாட்டி முடித்தும் மொத்தத்தில் சத்தம் அதிகம் என்று தோன்றினால் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டாம், ஆம்ப்ளிஃபயரில் வயரை 100 வோல்ட்டிலிருந்து 70 வோல்ட் டெர்மினலுக்கு மாற்றினால் போதும், எல்லா ஸ்பீக்கரும் பாதி வாட்டுக்கு இறங்கிவிடும்.